லாயத்தில் முதல் வேலை தண்ணீர்க் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்களிடம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கும், இங்கிருந்து சென்னை, பெங்களூரு லாயங்களுக்குப் போக நினைக்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. கடிவாளம் மாட்டுவது, சேணம் கட்டுவது, உடம்பு தேய்த்துவிடுவது, குளம்பு சுத்தம் செய்வது இதையெல்லாம் சேர்ந்த சில மாதத்தில் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் காட்டுவதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. "தொட்டியில தண்ணி கெடக்குல்ல, அதுபாட்டுக்குக் குடிச்சுக்கிரும்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் கரிசல் வெயிலில் ஒரு நல்ல குதிரை படுத்துவிட அந்த அலட்சியமே போதும்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு, மிதமான வெயிலில், 100 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அடிப்படைக் கணக்கு. மார்வாரி, கத்தியவாரி வகையில் நடுத்தரமான குதிரை 350 கிலோ இருக்கும். அதற்கு 17, 18 லிட்டர். மட்டக்குதிரைக்கு 10, 12 லிட்டர். ஆனால் அது கொடைக்கானலுக்குப் பொருந்துகிற கணக்கு. சித்திரை மாதம் திருச்சுழியில் வெயில் 38, 40 டிகிரிக்கு ஏறும்போது, காய்ந்த சோளத்தட்டையைத் தின்றுகொண்டு, காலையில் ஒரு மணி நேரம் ஓடியும் வருகிற அதே குதிரைக்கு இரண்டு மடங்கு வேண்டும். சில நாள் அதற்கு மேலும் போகும். 40 லிட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும் பெட்டைக்குதிரை தன் எடையில் சுமார் 3 சதவீதத்தை ஒரே நாளில் பாலாகவே இறக்குகிறது. அதற்கு இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

குளிப்பாட்டுவது, வாளி கழுவுவது, தீவனம் ஊறவைப்பது எல்லாம் சேர்த்தால் கோடையில் ஒரு குதிரைக்கு நாளுக்கு 100 லிட்டர் என்று திட்டமிடுவது நல்லது. மூன்று குதிரை இருக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அந்த 300 லிட்டர் எங்கிருந்து வருகிறது, போர் மோட்டார் கெட்டுப்போனால் எங்கிருந்து வரும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிரைக்குத் தாகம் எடுக்காத நேரம்

இந்தத் தொழிலில் பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மனிதனுக்கு வியர்த்தால் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் வெளியே போகிறது. ரத்தத்தில் உப்பு செறிவாகிறது. மூளை உடனே தாகத்தைக் கிளப்புகிறது. குதிரையின் வியர்வை அப்படிப்பட்டதல்ல. அது ரத்தத்துக்கு ஈடான உப்பு கொண்டது, சில சமயம் அதைவிடவும் செறிவானது. சோடியம், குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் தண்ணீரோடு சேர்ந்தே வெளியேறிவிடுகின்றன. உடம்பில் நீர் குறைந்திருக்கும். ஆனால் ரத்தத்தின் செறிவு மாறியிருக்காது. அதனால் மூளைக்குச் செய்தி போகாது. வெயிலில் கடுமையாக ஓடும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்வை இழக்கக்கூடும். அப்படி இழந்து வந்து நிற்கிற குதிரை வாளியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். "அதுக்குத் தாகமில்ல போல" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

இதற்கு மருந்து நம் வீட்டுக் கல்லுப்பு. 500 கிலோ குதிரைக்கு வேலையில்லாத நாளிலேயே 25 முதல் 30 கிராம் உப்பு வேண்டும். 350 கிலோ குதிரைக்கு 20 கிராம் அளவில். வியர்க்க வியர்க்க அது கூடும். கொள்ளு, தவிடு, தட்டை எதிலும் இந்தச் சோடியம் போதுமான அளவில் இல்லை. தினமும் ஊறவைத்த கொள்ளில் உப்பைப் பொடித்துக் கலந்து கொடுங்கள். நக்குவதற்கு ஓர் உப்புக்கட்டியும் தொங்கட்டும். மாட்டின் சொரசொரப்பான நாக்கு குதிரைக்குக் கிடையாது. கட்டியை நக்கி மட்டும் வேண்டிய அளவைப் பெற்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

ஓடி வந்த குதிரைக்கு முதல் வாளியில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்துக் கொடுத்துப் பாருங்கள். 10 லிட்டருக்கு 90 கிராம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில், முதலில் இப்படி உப்புத்தண்ணீர் குடித்த குதிரைகள் பிறகு நல்ல தண்ணீரை அதிகமாகக் குடித்து, இழந்ததைச் சீக்கிரம் ஈடுகட்டின. பக்கத்திலேயே உப்பில்லாத நல்ல தண்ணீர் இன்னொரு வாளியில் கட்டாயம் இருக்க வேண்டும். குதிரை உப்புத்தண்ணீரைத் தொடவில்லையென்றால் வற்புறுத்தாமல் நல்ல தண்ணீரை நகர்த்தி வையுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் உப்போ, கடையில் விற்கும் எலக்ட்ரோலைட் பொடியோ கொடுப்பது இருக்கிற ஈரத்தையும் குடலுக்குள் இழுத்துவிடும்.

சூடாக வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்ற பழைய பேச்சை இன்னும் பல லாயங்களில் கேட்கலாம். பெரியவர்கள் சொன்னது என்பதால் மதிக்கலாம், கடைப்பிடிக்க வேண்டியதில்லை. ஓட்டம் முடிந்ததும் சில வாய் குடிக்கவிட்டு, நடத்தி, மறுபடி குடிக்கவிடுங்கள். உடம்பு தண்ணீரைக் கேட்கும் நேரத்தில் அரைமணி நேரம் மறுத்தால், அப்புறம் நாள் முழுக்க அது சரியாகக் குடிக்காமல் போகலாம்.

தட்டையும் கருவேலங்காயும்

நம் பக்கத்துத் தீவனமே தண்ணீர் கேட்கிற தீவனம். பச்சைப்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்த சோளத்தட்டையிலும் வைக்கோலிலும் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பச்சை மேய்கிற குதிரை பாதித் தண்ணீரைப் புல்லிலேயே குடித்துவிடும். மார்கழியில் கம்மாய்க்கரையில் மேய்ந்த குதிரை ஒரு வாளியோடு நிறுத்திக்கொண்டது என்பதற்காக, பங்குனியில் தட்டைக்கு மாற்றிய பிறகும் அதே ஒரு வாளியை வைத்தால், நாலாவது நாள் லத்தி இறுகத் தொடங்கும்.

குதிரையின் குடல் அமைப்பு வறண்ட தீனிக்கு ஒத்துழைக்காது. பெருங்குடல் சில இடங்களில் அகன்றும் சட்டென்று குறுகியும் மடிந்து திரும்புகிறது. நார்த்தீனி ஈரமில்லாமல் வந்தால் அந்தத் திருப்பங்களில் அடைத்துக்கொள்ளும். மாட்டைப்போல அசைபோட்டு மறுபடி மெல்லவும் முடியாது; குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலி என்று நாம் பொதுவாகச் சொல்கிற, மருத்துவர்கள் கோலிக் என்று குறிப்பிடுகிற நோயில் இந்த அடைப்பு ஒரு முக்கியமான வகை. வறண்ட தீவனமும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் அது தேடி வரும்.

இதோடு சீமைக்கருவேலம். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் அதுதான். கோடையில் பழுத்து விழும் காய் இனிக்கும். ஆடு விரும்பித் தின்னும், குதிரையும் தின்னும். ஆட்டுக்கு ஆகிறது குதிரைக்கு ஆவதில்லை. நிறையத் தின்றால் காய்கள் குடலில் திரண்டு அடைத்துக்கொள்கின்றன. இதே இன மரங்கள் வளரும் அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட பகுதிகளிலும் குதிரைக்காரர்களுக்கு இது பழகிய தொல்லை. மேய்ச்சலுக்கு விடும் இடத்தில் மரம் இருந்தால் காயைக் கூட்டி அள்ளுங்கள், அல்லது குதிரையை வேறிடத்தில் கட்டுங்கள். காய் தின்றுவிட்டது என்று தெரிந்த நாளில் தண்ணீர் எவ்வளவு குடித்தது, லத்தி எத்தனை தடவை போட்டது என்பதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

தீவனத்திலேயே தண்ணீரைச் சேர்த்துவிடுவது நல்ல வழி. கொள்ளை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு கொடுக்கலாம். தட்டையைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீர் தெளித்துப் புரட்டலாம். கோதுமைத் தவிட்டைத் தண்ணீரில் குழைத்துக் கஞ்சிபோலக் கொடுத்தால் குதிரை ஆசையாய் உறிஞ்சும். ஆனால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது தினத்தீனியாகிவிடக் கூடாது. நம் வெக்கையில் நனைத்த தீவனம் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் கழுவிவிடுங்கள். இன்னொன்று: இளம்பச்சைச் சோளப்பயிரைக் குதிரைக்கு அறுத்துப் போடவே வேண்டாம். அதன் நஞ்சு மூத்திரப்பையையும் பின்னங்கால்களையும் கெடுத்துவிடும்.

குதிரை பெரும்பாலும் தீனி தின்னும் நேரத்தை ஒட்டித்தான் தண்ணீர் குடிக்கிறது. காலைத் தீனி போட்டுவிட்டு, வாளியைக் கழுவ எடுத்துப்போய் ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தால், அது குடிக்கும் நேரம் போய்விட்டிருக்கும். முதலில் வாளி நிறையட்டும், அப்புறம் தீனி விழட்டும்.

சப்பைத் தண்ணியா, நல்ல தண்ணியா

இந்த வட்டாரத்தில் போர் போட்டால் பல ஊர்களில் கிடைப்பது சப்பைத் தண்ணி என்கிற உவர்நீர். ஊருணித் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரை மற்ற வேலைக்கு வைத்துக்கொண்டது அதனால்தான். குதிரைக்கு எது?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலாளியிடம் வாங்கித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் காசிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த லாயத்துக்குப் போனாலும் பயன்படும். அளவு 1,000 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை. 3,000 வரை பெரும்பாலான குதிரைகள் பழகிக்கொள்ளும். புதிதாய் வந்த குதிரைக்கு முதல் சில நாள் லத்தி இளகலாம். 5,000-ஐத் தாண்டினால் சினைக்குதிரைக்கும் பால் கொடுக்கிற குதிரைக்கும் கொடுக்கக் கூடாது. மற்றவற்றுக்கும் வேறு தண்ணீர் தேடுவது நல்லது. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். ஃபுளோரைடு இருக்கிறதா என்று அது சொல்லாது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் கால்நடைகளின் பல்லும் எலும்பும் கெடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

ஒரு சங்கடத்தையும் பேசியாக வேண்டும். பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருக்குழாயில் நீங்கள் குதிரைக்கு வாளி பிடித்தால் ஊருக்குள் மனக்கசப்பு வரும், வருவதும் நியாயம்தான். குடிநீர்க் குழாயை நம்பிக் குதிரை வளர்ப்பது இந்த மண்ணில் முறையல்ல. குளிப்பாட்ட, கழுவ உவர்நீர் போதும். குடிப்பதற்கு லாயத்தின் கூரையே வழி காட்டுகிறது.

20 அடிக்கு 30 அடி தகரக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். வீணாவது ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் அந்தக் கூரையிலிருந்து ஒரு வருடத்தில் சுமார் 35,000 லிட்டர் கிடைக்கிறது. நாளுக்கு 40 லிட்டர் வீதம் இரண்டு குதிரைகள் ஆண்டு முழுக்கக் குடிப்பது 29,200 லிட்டர். மழையை நம்பி வாழ முடியாது என்று நாம் அலுத்துக்கொள்ளும் சீமையில், இரண்டு குதிரைகளின் குடிநீர் அவற்றின் தலைக்கு மேலேயே பெய்துவிட்டுப் போகிறது! அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில் என்பதால் தேக்கிவைக்கத் தொட்டி வேண்டும். 10,000 லிட்டர் தொட்டி ஒரு குதிரைக்கு 250 நாள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, தொட்டியை மூடி, வெயில் படாமல் வையுங்கள். முதலாளியிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். வேலைக்காரர் ஒருவர் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது அவர் அதிகம் பார்த்திராத காட்சியாக இருக்கும்.

நோட்டும் வாளியும்

தானாக நிரம்பும் குழாய்த் தொட்டி வசதிதான். ஆனால் எவ்வளவு குடித்தது என்பது அதில் தெரியாது. என் விருப்பம் 20 லிட்டர் வாளி, ஒரு குதிரைக்கு இரண்டு. உள்பக்கம் 5 லிட்டருக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். காலை, நண்பகல், மாலை, இரவு நான்கு வேளையும் குறைந்திருக்கும் அளவை நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் லத்தி எத்தனை தடவை, எப்படி இருந்தது, மூத்திரம் என்ன நிறம் என்பதையும் குறியுங்கள். ஒரு மாதத்தில் அந்தக் குதிரையின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒரு நாள் குறைந்தால், நோய் வெளியே தெரியும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சொல்லும் விதமும் தொழிலில் ஒரு பகுதி. "அண்ணாச்சி, குதிரை ஒரு மாதிரியா இருக்கு" என்றால் அவர் பயப்படுவார், அல்லது தட்டிக்கழிப்பார். "அண்ணாச்சி, தெனமும் முப்பத்தஞ்சு லிட்டர் குடிக்கிறவன் நேத்துப் பதினெட்டுதான் குடிச்சான், காலையில ரெண்டு தடவதான் லத்தி, அதுவும் உருண்டை காஞ்சு கெடக்கு, டாக்டர வரச் சொல்லுவமா?" என்றால் அவரால் ஒரு முடிவு எடுக்க முடியும். மருத்துவரும் வந்தவுடன் கேட்கப்போவது இதைத்தான்.

வாளியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். வெயில் படும் தொட்டியில் இரண்டு நாளில் பாசி பிடிக்கும். பாசி வாடை அடித்தால் குதிரை குடிக்காது. தொட்டியை நிழலுக்கு மாற்றுவது வேலைகளிலேயே எளிது, பலனோ பெரிது. கொதிக்கிற தண்ணீரில் குதிரை வாய் வைத்துவிட்டு விலகிவிடும். ஐஸ் போடவும் தேவையில்லை, பானைத் தண்ணீர் அளவு குளிர்ச்சி போதும்.

கையால் பார்த்துத் தெரிந்துகொள்வது

தோளருகே தோலைக் கிள்ளி இழுத்து விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. இரண்டு மூன்று நொடி கூடாரம்போல நின்றால் நீர் குறைந்திருக்கிறது. வயதான குதிரைக்குத் தோல் தானாகவே தளர்ந்திருக்கும் என்பதால் நல்ல நாளில் எப்படி இருக்கிறது என்று முன்னமே பார்த்து வையுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டால் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தாடைக்கு அடியில் நாடி பிடிக்கலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. உடல் எடையில் சுமார் 5 சதவீதம் நீர் குறைந்த பிறகுதான் தோலில் தெரிய ஆரம்பிக்கும். 400 கிலோ குதிரைக்கு அது 20 லிட்டர். தோல் சொல்வதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும் என்பதால்தான் அதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

தூர ஓட்டப் போட்டிகளில் உலக அளவிலான விதி ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் குறித்த நேரத்துக்குள் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 64-க்கு இறங்காவிட்டால் அதை மேற்கொண்டு ஓடவிட மாட்டார்கள். கோயில் கொடைப் பந்தயத்துக்குப் பழக்கும்போது நீங்களும் அந்த 64-ஐ வைத்துக்கொள்ளலாம். ஓடி முடித்து 20 நிமிடம் கழித்தும் இறங்கவில்லையென்றால் அன்றைய பயிற்சி முடிந்தது.

குதிரை காலால் தரையைப் பறித்தால், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், படுத்துப் புரண்டால், லத்தி நின்றுபோனால் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும், குதிரையை ஏற்ற எந்த வண்டி கிடைக்கும் என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து வையுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெய், கஷாயம் ஊற்றுவது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால், வயிற்றுவலியில் பிழைத்திருக்க வேண்டிய குதிரை நுரையீரல் அழற்சியில் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியே குழாய் செலுத்தி நேராக வயிற்றுக்குத் தண்ணீர் கொடுப்பார். அது அவர் வேலை.

பன்னிரண்டு முதல் மூன்று வரை

1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகளின்படி, ஒரு விலங்கை நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே வாங்கக் கூடாது. போதிய தண்ணீர் கொடுக்காமல் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத்தடுப்புச் சட்டப்படி குற்றம். கல்யாண ஊர்வலத்துக்கு உச்சிவெயிலில் குதிரை கேட்பவர்களிடம் இந்த விதியைச் சொல்லி மறுக்கலாம். சட்டம் என்று சொன்னால் முதலாளிக்கும் மறுப்பது எளிதாகும்.

வெக்கையில் இரைத்து நிற்கும் குதிரையை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் உலகெங்கும் இருந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குதிரைகள் வெப்பத்தில் தவித்ததைப் பார்த்து, 1996 அட்லாண்டாவுக்கு முன்பு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தசை பிடிக்கவில்லை, உடல் சூடு வேகமாக இறங்கியது. ஈரச்சாக்கைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். சிறிது நேரத்தில் அது சூட்டைப் பூட்டி வைத்துவிடும்.

சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வியர்க்காத குதிரையையும் அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இங்கே வந்த குதிரைகளில் கண்டறியப்பட்ட கோளாறு இது. ஈரப்பதம் மிகுந்த வெப்பத்தில் நாளடைவில் வியர்வை நின்றுபோகும். வறண்ட மேல்தோல், வேகமான மூச்சு, இறங்காத காய்ச்சல். "இவனுக்கு வியர்க்கவே வியர்க்காது, நல்ல குதிரை" என்று யாராவது பெருமைப்பட்டால், மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

காயலில் இறங்கிய குதிரைகள்

இந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய அரசு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியது. அவை இறங்கிய துறைகளில் பெரியது தாமிரபரணி கடலில் சேருமிடத்து அருகிலிருந்த காயல். காயலுக்கும் மதுரைக்கும் நடுவில் கிடப்பது இந்தக் கரிசல்தான். இன்றைய மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையும் அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது.

வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் செத்துப்போயின என்று எழுதினார் மார்க்கோ போலோ. பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், இங்கே குதிரைகளுக்கு வறுத்த தானியமும் வெண்ணெய் கலந்த தீனியும் கொடுத்து, குடிப்பதற்குக் காய்ச்சிய பசும்பாலை வைத்தார்கள் என்று வியந்து குறித்திருக்கிறார். பணம் இருந்தது, பாசமும் இருந்தது. குதிரைக்கு என்ன வேண்டும் என்று அறிந்த கை இல்லாததால், கடல் தாண்டி வந்த செல்வம் வருடாவருடம் மண்ணுக்குள் போனது. அந்தக் கை உங்களுடையதாக இருக்கலாம்.

எங்கே வேலை

உள்ளூரில் வாய்ப்பு குறைவு. ஐயனாருக்கு மண்புரவி எடுக்கிற ஊர்கள் பல இருந்தாலும், உயிருள்ள குதிரை வைத்திருப்பவர்கள் பந்தய வண்டிக்காரர்கள், கல்யாண ஊர்வலத்துக்கு விடுபவர்கள், தோட்டத்தில் ஆசைக்கு வளர்ப்பவர்கள் என்று சிலர்தான். வெளியே போனால் சென்னை, கோவை, பெங்களூருவில் குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. ஊட்டி, கொடைக்கானலில் சுற்றுலாக் குதிரைகள் உண்டு. சென்னையில் காவல்துறையின் குதிரைப்படை இருக்கிறது. ராணுவத்தில் குதிரை, கோவேறு கழுதைகளைப் பராமரிக்கும் ரிமவுண்ட் கால்நடைப் பிரிவு இயங்குகிறது. பந்தய லாயங்களை நம்பிப் போகிறவர்கள் நிலவரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்: 2024-இல் ஊட்டி, கிண்டி பந்தயத் திடல்களின் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு நடவடிக்கை எடுத்தது.

எங்கே போனாலும் குதிரையோடு வண்டியில் போகும் வேலை வரும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். புது ஊர்த் தண்ணீரின் ருசி பிடிக்காமல் இரண்டு நாள் சரியாகக் குடிக்காமல் கிடக்கிற குதிரைகள் உண்டு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வாளியில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கிவிட்டால், போன இடத்திலும் அதே வெல்லத்தைக் கரைத்து வைக்கலாம், ருசி மாறாது. கூடவே சொந்த ஊர்த் தண்ணீர் ஒரு கேன் எடுத்துப்போய், கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீரைக் கலந்துகொண்டே வரலாம்.

நேர்முகத்துக்குப் போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள். பழைய இடத்தில் எழுதிய நான்கு பக்கம் போதும். சம்பளம் பேசுமுன் லாயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வாளிகளைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு இந்த வாளியை நிறைப்பது யார்? மாலையில் போட்ட தட்டையைத் தின்று முடித்த குதிரை விடியும்வரை அந்த வாளியைத்தான் நம்பி நிற்கிறது. யாரும் இல்லை என்றால், அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அதற்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.